செவ்வாய், வெள்ளி காலை முதல் வேலை

மார்ச் 4, செவ்வாய்

குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்த வருடத்தில் இது மூன்றாவது. வீட்டில் இவர் குடை மாட்டும் ஆணியை மட்டும் ஒரு தடவை பார்த்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்று செயற்கைக்கால் பட்டறைக்கு இரண்டாவது முறை போனேன். அங்கே நோயாளிகளின் கால் அளவுகளை ஸ்கேன் செய்து கோப்பாக வைத்திருப்பது எங்கள் கம்பெனியின் சேமிப்புப் பெட்டியில். அந்தப் பெட்டியில் கோப்புகளை வைத்து எடுத்துக் கொடுக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், போன வருடத்திலிருந்து என் பொறுப்பு. புகார் இதுதான்: மூன்று மாதத்தில் ஐந்து சாக்கெட் கெட்டுப் போயிருக்கிறது. வெட்டுப்பட்ட காலின் மிச்சப் பகுதி உள்ளே உட்காரும் கூடுதான் சாக்கெட். அடியிலிருந்து முக்கால் உயரம் வரை கச்சிதமாக இருக்கிறதாம். மேல் விளிம்பு மட்டும் வேறு யாருடைய காலுக்கோ செய்தது போல இருக்கிறதாம்.

ஸ்கேன் எடுப்பதும், நுரைக்கட்டியில் அச்சு செதுக்கும் மெஷினை ஓட்டுவதும் ஒரே ஆள். எல்லாரும் அவரை மாஸ்டர் என்கிறார்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார்.

"மேடம், செவ்வாய், வெள்ளி காலைல ஓட்டற முதல் வேலைதான் கெடுது. மத்த நாள் ஒண்ணும் ஆகறதில்ல. தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன், பாருங்க."

"கிழமை பாத்தெல்லாம் கம்ப்யூட்டர் வேலை செய்யாது மாஸ்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற பட்டறை மேற்பார்வையாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐந்து கோப்புகளையும் என் சோதனை நிரலில் பத்துப் பத்து தடவை ஓட்டினேன். முதலில் கோப்பை முழுக்கப் படித்து, பிறகு சரிபார்ப்பதற்காக ஒரு கூட்டுத்தொகை எடுக்கும். பிறகு செதுக்கும் மெஷின் படிக்கிற மாதிரியே நினைவகத்தில் விரித்துப் படித்து இரண்டையும் ஒப்பிடும். ஐம்பது தடவையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயிற்று.

வெளியே பெஞ்சில் ஒரு கண்டக்டர் அம்மா. ஐந்தாவது சாக்கெட் அவருடையது. துணியை இறக்கிக் காட்டினார். விளிம்பு அழுத்திய இடம் நீலம் பாரித்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. "நின்னுட்டே டிக்கெட் குடுக்கற வேலைம்மா. லீவு போட்டு ஒரு வாரம் ஆச்சு" என்றார்.

அறிக்கையில் எழுதியது: கோப்புகள் ஐந்தும் சரி. அளவெடுப்பதிலோ விளிம்பைக் குறிப்பதிலோ மனிதத் தவறு இருக்கலாம்.

மார்ச் 5, புதன்

அறிக்கை போய்விட்டது. எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுருக்கம். எதைக் கொண்டுபோனாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். என் அறிக்கையையும் ஒரே வரியாக்கி அனுப்பியிருக்கிறார்: "கோப்புகள் சரி. மனிதத் தவறு."

என் 'இருக்கலாம்' எங்கே போயிற்று? கேட்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

மார்ச் 8, சனி

புதுக் குடை வாங்கினேன். சிவப்பு. இவர் அதில் ஒட்டுத்தாள் ஒட்டி எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் செய்வது போல.

மார்ச் 12, புதன்

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வேறொரு வாடிக்கையாளருக்காக என் இயந்திரத்தில் பெரிய பெரிய கோப்புகளாக நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் சோதனை நிரலை ஓட்ட வேண்டும். சாப்பாட்டு நேரம், பசி. கூட்டுத்தொகை எடுக்கத்தான் நேரம் பிடிக்கும். அந்தப் பகுதியை மட்டும் ஓடாமல் நிறுத்திவிட்டு, விரித்துப் படிக்கும் பகுதியை நேரடியாக ஓட்டினேன்.

கடைசிப் பக்கம் தப்பு.

லேசான தப்பு இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது வேறொரு கோப்பின் சரக்கு. ஒவ்வொரு தடவையும் நினைவகத்தைக் காலி செய்துவிட்டு மறுபடி பார்த்தேன். கூட்டுத்தொகைப் பகுதியைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன், சரி. எடுத்துவிட்டு ஓட்டினேன், தப்பு. சேர்த்தால் சரி. எடுத்தால் தப்பு.

ஐம்பது தடவை சோதித்தேனே, அந்த ஐம்பதிலும் சோதனையே நோயை மறைத்திருக்கிறது. முதலில் சாதாரணமாகப் படிக்கும்போது எல்லாப் பக்கமும் ஒழுங்காக நினைவகத்துக்கு வந்துவிடும். பிறகு விரித்துப் படித்தால் அவை ஏற்கெனவே அங்கே இருக்கும், டிரைவரை யாரும் கேட்கவே மாட்டார்கள். கேட்டால்தானே அது தப்பாகக் கொடுக்கும்!

சாப்பிடவில்லை.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், நான் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து சொன்னேன். கோப்பு பக்கம் பக்கமாக நினைவகத்துக்கு வரும். சாதாரணமாகப் படிக்கிற நிரல் தனக்கு வேண்டிய அளவை மட்டும் கேட்கும். விரித்துப் படித்தால் அப்படி இல்லை, எப்போதும் முழுப் பக்கமாகத்தான் கேட்கும். கடைசிப் பக்கத்தில் பாதிதான் கோப்பு இருக்கும், ஆனால் கேட்பது முழுசு. அப்போது டிரைவர் என்ன செய்ய வேண்டும்? இருக்கிற பாதியை நிரப்பி, மிச்சத்தைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். என் டிரைவர் என்ன செய்தது? "கேட்டது கோப்போட நீளத்தத் தாண்டுது, எங்கிட்ட இல்ல, வேலை முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு, ஒண்ணுமே போடாம திருப்பிக் குடுத்துடுது.

"அப்ப அந்தப் பக்கத்துல என்ன இருக்கும்?" என்றார்.

"முன்னால அங்க யாரோடது இருந்துச்சோ, அது."

கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "ஒருத்தர் சாப்பிட்ட எச்சில் தட்ட அப்படியே அடுத்தவருக்கு நீட்டற மாதிரி."

ஆமாம், எச்சில் தட்டு. காலை அடியிலிருந்து மேலாக ஸ்கேன் செய்வார்கள். அதனால் கோப்பின் கடைசிப் பக்கம் விளிம்பு. ஒருவர் கால், இன்னொருவர் விளிம்பு.

கிழமை? அதுவும் தெரிந்துவிட்டது. மற்ற வேலைகளை ஸ்கேன் எடுத்த கையோடு செதுக்கிவிடுவார்கள், கோப்பு சூட்டோடு நினைவகத்தில் இருக்கும். என்றைக்காவது மாலையில் கடைசியாக ஒரு ஆள் வந்தால், அவருடையதுதான் மறுநாள் காலை முதல் வேலை. திங்களும் வியாழனும் இரவில் மொத்தப் பெட்டிக்கும் நகல் எடுக்கும் வேலை ஓடும். எல்லாருடைய கோப்பும் நினைவகத்துக்குள் வந்து போகும், மாலையில் வந்தவருடையது வெளியே தள்ளப்படும். விடிந்தால் செவ்வாய், வெள்ளி.

அந்த அட்டவணையைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவர் நோட்டை நீட்டினார். நான் சிரித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை இவரிடம் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அந்த இரண்டு வரியை எழுதித்தான் வைத்திருந்தார். நிரப்பு, துடை. நவம்பர் இருபதாம் தேதி அதை நீக்கியது நான். என் குறிப்பு அப்படியே இருக்கிறது: "இந்த இரண்டு வரி எதற்கென்று தெரியவில்லை. தேவையற்றது. நீக்கினேன்." அந்த மாதம் டிரைவர் வேகமானது என்று கைதட்டி, மேசைக்கு ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். டிசம்பரில் முதல் சாக்கெட் கெட்டது.

தெரியலேன்னா கேட்டிருக்கலாம்ல? தெரியாததும் தேவையில்லாததும் ஒண்ணாடி?

மார்ச் 14, வெள்ளி

சுருக்கத்திடம் சொன்னேன், சுருக்கமாகவே. கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணியாச்சா?"

"பண்ணிட்டேன் சார்."

"திங்கக்கெழம அப்டேட்ல போட்டு விட்டுடுங்க. குறிப்புல 'சிறு மேம்பாடுகள்'னு போடுங்க."

"பட்டறைக்குச் சொல்ல வேண்டாமா?"

"சொல்லி? சரியாயிடப் போகுது, அவ்வளவுதானே? நீங்களும் நிம்மதியா இருங்க."

சரி சார் என்றேன். எனக்கு அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது. இறங்கி வரும்போது உண்மையாகவே நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

அப்டேட் போயிற்று. சிறு மேம்பாடுகள்.

மார்ச் 25, செவ்வாய்

பட்டறை மேற்பார்வையாளர் அம்மா அவராகவே போன் செய்தார். நன்றி சொல்ல.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. போன வாரம் திங்கக்கெழமலேர்ந்து மாஸ்டர மெஷின்லேர்ந்து எடுத்து பேக்கிங்குக்குப் போட்டுட்டோம். வேற ஆளு ஓட்டறாரு. அன்னிலேர்ந்து ஒண்ணு கூடக் கெடலியே! செவ்வா, வெள்ளியாம். மனுஷனுக்கு வயசாகுதுன்னு ஒத்துக்க மனசு வரல, பாவம்."

நான் என்ன சொன்னேன்? "அப்படியா" என்றேன். அப்படியாவாம்.

அதே திங்கள். அவரை எடுத்த அதே நாள்தான் என் அப்டேட்டும் போயிருக்கிறது. நான் சத்தமில்லாமல் சரி செய்ததுதான் இப்போது அவருக்கு எதிரான சாட்சி. சும்மா விட்டிருந்தால்கூட ஏதோ ஒரு செவ்வாயிலோ வெள்ளியிலோ புது ஆள் கையிலும் ஒன்று கெட்டிருக்கும், மாஸ்டர் தப்பித்திருப்பார். திருத்தி, வாயையும் மூடிக்கொண்டு, ரெண்டு பக்கமும் பூட்டு போட்டுட்டேன்.

மார்ச் 26, புதன்

பூந்தொட்டியை வரவேற்பறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நாலு தடவை கடிதம் எழுதி நாலு தடவையும் அழித்தாயிற்று. "எங்கள் தரப்பில் ஒரு சிறு குறைபாடு" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எங்கள் தரப்பு! தரப்பாடி அந்த வரிய எடுத்துச்சு?

ஏப்ரல் 3, வியாழன்

மதியத்துக்கு மேல் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாக.

பேக்கிங் அறை பின்பக்கம். ஜன்னல் இல்லை, அட்டைப்பெட்டி வாசனை. மாஸ்டர் செருப்பு அளவு வாரியாகச் செயற்கைப் பாதங்களைப் பிரித்துப் பெட்டியில் வைத்து நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், டீ சொல்றேன்" என்றார்.

"எப்படி இருக்கீங்க மாஸ்டர்?"

"நல்லா இருக்கேன். கண்ணாடி மாத்திட்டேன், பாத்தீங்களா? டாக்டர் பவர் ஒண்ணும் மாறலேன்னுதான் சொன்னாரு. நான்தான் எதுக்கும் இருக்கட்டும்னு புதுசா போடச் சொன்னேன். நீங்க இவ்வளவு தூரம் வந்து பாத்து, கோப்பு சரின்னு சொல்லிட்டீங்க. அப்ப கோளாறு எங்கிட்டதானே இருக்கணும்?" கையை நீட்டிக் காட்டினார். "காலைல எந்திரிச்சதும் டம்ளர் நெறைய தண்ணி ஊத்திப் பிடிச்சுப் பாக்கறேன். சிந்தல. ஆனா மெஷின்கிட்ட போனா நடுங்குமோ என்னவோ."

டீயைக் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார், போதும் என்றேன். வந்துவிட்டேன்.

வந்துட்டேன்! ஸ்டூல் துடைச்சுப் போட்டாரு, டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சுட்டு வந்துட்டேன். நான்லாம் என்ன ஜென்மம்?

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு வரி உட்பட. சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "டீ எப்படி இறங்குச்சு?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

சுருக்கத்திடம் போய், எழுதித் தரப் போகிறேன் என்றேன்.

"இப்ப எதுக்கு? எல்லாம் ஓடிட்டிருக்குல்ல?"

"அந்த மனுஷன் பேக்கிங்ல உக்காந்திருக்காரு சார்."

"அது அவங்க உள்விவகாரம். நீங்க எழுதினா நம்ம பேரு போகும். இந்த டிரைவர் உங்க கையில இருக்காது, யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். கதவைத் தாண்டுவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போன் செய்து, நின்ற வாக்கிலேயே சொன்னேன். தப்பு என்னுடையது, மாஸ்டருடையது இல்லை.

அந்த அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "நேத்து நீங்க பேக்கிங் ரூமுக்குப் போனது தெரியும். அவரப் பாத்தா பாவமாத்தான் இருக்கும். அதுக்காக நீங்க பழிய ஏத்துக்க வேண்டாங்க. அவர எடுத்தப்புறம் ஒண்ணும் கெடலியே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நம்பவில்லை! பொய்யை ஒரே வரியில் நம்பினவர்கள். நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன். திங்கள் மாலை வந்து அவர்களுடைய உபரி இயந்திரத்தில் பழைய டிரைவரைப் போட அனுமதி கேட்டேன். கண்டக்டர் அம்மாவுக்கு அன்று மாலை மறு ஸ்கேன் எடுக்கிறார்களாம். அதையே முதல் வேலையாக வைக்கச் சொன்னேன். நுரைக்கட்டியில் மட்டும், யார் காலிலும் மாட்டாமல். மெஷினை மாஸ்டர்தான் ஓட்ட வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரவில் நகல் வேலை ஓடி முடிந்திருந்தது. காலை எட்டு மணிக்குப் போனேன். மாஸ்டருக்கு யாரும் காரணம் சொல்லியிருக்கவில்லை. புதுக் கண்ணாடியோடு, சலவைச் சட்டையில், மெஷின் பக்கத்தில் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினார். இருபது நிமிடம். வெள்ளைத்தூள் பறந்தது. அச்சு வெளியே வந்தது. அவர் அளவுகோலைத் தொடவில்லை, விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று சுற்றினார். பாதியிலேயே நின்றுவிட்டார்.

"இது கண்டக்டரம்மா இல்ல."

மேற்பார்வையாளர் அம்மா, "மாஸ்டர், கோப்பு அவங்களோடதுதான்" என்றார்.

"கீழ அவங்கதான். மேல, பிப்ரவரில வந்தாரே, பெயிண்டர். சாரத்துலேர்ந்து விழுந்தவரு. அவருக்கு உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். இந்தா பாருங்க, பள்ளம்."

பெயிண்டர் கோப்பைத் திறந்து விளிம்பை ஒப்பிட்டார்கள். அவரேதான். பிறகு திருத்திய டிரைவரைப் போட்டு, அதே கோப்பை மறுபடி செதுக்கினோம். அம்மாவின் விளிம்பு ஒழுங்காக வந்தது.

அப்புறம் சொன்னேன். நவம்பரில் இரண்டு வரியை நீக்கியதை, சோதனை நோயை மறைத்ததை, மார்ச் மாதமே தெரிந்தும் 'சிறு மேம்பாடுகள்' என்று போட்டதை. பழி முழுக்க என்னுடையது என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். அதே நோட்டு. புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"அன்னிக்கு இதப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாம்மா?"

"தெரிஞ்சிருக்கும் மாஸ்டர்."

"போன வாரம் வந்து டீ குடிச்சீங்களே, அப்ப தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நுரைத்தூளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுத்தில் கொடுத்தேன். நேராகப் பட்டறைக்கு, சுருக்கத்துக்கு ஒரு நகல். "மார்ச் 4 அறிக்கையில் மனிதத் தவறு என்று குறிப்பிட்டது தவறு. டிரைவரில் இரண்டு வரிகளை நீக்கியவள் நான். மெஷின் ஓட்டியவர் மீது எந்தக் குறையும் இல்லை. குறை எந்த நாள், எந்த வேலையில் வருகிறது என்பதை அவர் முதலிலேயே சரியாகச் சொன்னார். நான் கேட்கவில்லை."

மதியமே டிரைவர் என் கையை விட்டுப் போயிற்று. இப்போது பழைய புகார்களை வகைப்படுத்தும் வேலை. அந்த இரண்டு வரிக்கு மேலே எதற்காக என்று எட்டு வரி விளக்கம் எழுதிவிட்டுத்தான் ஒப்படைத்தேன். "இவ்வளவு நீளமா எதுக்கு?" என்றார் சுருக்கம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புகார்களை முழுசாகப் படிக்கிறேன். எல்லாவற்றையும். மெதுவாகத்தான் போகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கண்டக்டர் அம்மாவுக்கு இன்று சாக்கெட் மாட்டிப் பார்க்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லியிருந்தார். வேலைக்குப் போகும் வழியில் இறங்கினேன். குடை கையில்தான் இருந்தது.

அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், பிடித்துக்கொண்டு நாலடி, பிடிக்காமல் நாலடி. "ரைட், போலாம்!" என்று கத்தினார். அறையே சிரித்தது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறாராம்.

மாஸ்டர் மெஷினுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. கண்ணாடிக்கதவு வழியாகத் தெரிந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான். அன்றைய முதல் வேலைக்கான அளவை நாடாவால் எடுத்து நோட்டில் எழுதினார். மறுபடி எடுத்தார். மூன்றாவது முறையும் எடுத்தார்.

"முன்னெல்லாம் ஒரு தடவதான் அளப்பாரு" என்றார் மேற்பார்வையாளர் அம்மா என் காதருகில். "இப்ப எப்பவும் மூணு. நல்ல பழக்கம்தானே?"

மாஸ்டர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். வலது கையை நீட்டி, விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பொத்தானை அழுத்தினார்.